நாலு ஸ்டாண்டும் இரண்டு பிள்ளைகளும்

காரில் கை வைப்பதற்கு முன்பே அதைத் தூக்கி நிறுத்த நாலு ஸ்டாண்டுகள் செய்து வாங்கி வந்தவர் என் அப்பா. எந்த வேலையானாலும் அடியிலிருந்துதான் தொடங்குவார். வீடு கட்டியபோது கடைக்கால் போடுவதற்கே ஒரு மழைக்காலம் போய்விட்டது என்று அம்மா கடைசிவரை குறைப்பட்டுக்கொண்டாள்.

தாம்பரத்தில், முடிச்சூர் பக்கம் போகும் பள்ளமான தெரு ஒன்றில் எங்கள் வீடு. ஐப்பசியில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் மழை பெய்தால் தெருத் தண்ணீர் கேட்டைத் தாண்டி உள்ளே வரும். அந்தத் தண்ணீரில் வருஷா வருஷம் நின்று நின்று காரின் அடிப்பாகம் இற்றுப்போயிருந்தது. அம்மா உட்காரும் இடத்தில் கால் வைக்க ஒரு பலகை போட்டிருந்தோம். பலகையின் இடுக்கு வழியாக ரோடு ஓடுவது தெரியும். கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் அம்மா அதையே பார்த்துக்கொண்டு ஜெபமாலை சொல்வாள்.

ரயில்வேயிலிருந்து ரிட்டையரானதும் அப்பா காரைப் பிரிக்க முடிவு செய்தார். திருமுடிவாக்கத்தில் தெரிந்தவர் பட்டறை ஒன்றில் சொல்லி, அந்த ஸ்டாண்டுகளைச் செய்வித்தார். ஒவ்வொன்றும் ஆங்கிள் இரும்பில் கால் பரப்பி நிற்கும், என் முழங்காலுக்கு மேல் வரும். நடுவில் மணிக்கட்டு மொத்தத்துக்கு ஒரு திருகு. திருகின் தலையில் மரக்கட்டை, அதன்மேல் பழைய டயரில் வெட்டிய ரப்பர். கழுத்தில் இருக்கும் துளையில் கம்பியை விட்டுச் சுற்றினால் கட்டை ஏறும், திருப்பிச் சுற்றினால் இறங்கும். ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் படுப்பவன் பெண்டாட்டி பிள்ளைகளைப் பற்றி நினைக்காதவன் என்பது அப்பாவின் கட்சி.

எஞ்சின், சக்கரம், சீட்டு எல்லாவற்றையும் கழற்றிய பிறகு, தெருமுனையில் டிங்கரிங் பட்டறை வைத்திருந்தவர் ஆட்களோடு வந்து, வெறும் கூட்டைத் தூக்கி அந்த நாலு ஸ்டாண்டுகளின்மேல் உட்காரவைத்தார். வீட்டுக்குப் பக்கத்தில் போட்டிருந்த ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில், இடதுபக்கம் இரண்டு, வலதுபக்கம் இரண்டு என்று நின்றன. தினமும் காலையில் அப்பா ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு போவார். நெடுக்கே ஒரு தரம் வைப்பார், குறுக்கே ஒரு தரம் வைப்பார். குமிழி நடுவில் நின்றால்தான் காபி குடிக்க வருவார். எனக்கு அது எரிச்சலாக இருக்கும், ஏனென்றால் நான் எலக்ட்ரிக் ட்ரெயினைப் பிடித்து ஆபீஸ் போகவேண்டியவள், அந்தக் காபியை மறுபடி சுடவைக்க வேண்டியவளும் நானே.

ஒருநாள் காலை நெஞ்சு கரிக்கிறது என்றார். அண்ணன் சோடா வாங்கிக் கொடுத்தான். கொஞ்சம் தேவலை என்று படுத்தார். மத்தியானத்துக்குமேல் வியர்த்துக் கொட்டவே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அன்று சாயங்காலமே அப்பா போய்விட்டார்.

என் தம்பி அப்போது ஓசூரில் வெல்டராக இருந்தான். எங்கள் வீட்டில் போன் கிடையாது. மளிகைக் கடையிலிருந்து அண்ணன் அவனுக்குப் போன் செய்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தம்பி மறுநாள் வந்து சேர்ந்தபோது அப்பா பெட்டியில் இருந்தார். கல்லறையில் மண்ணைத் தள்ளி முடித்த பிறகு, கையைக்கூடக் கழுவாமல் அவன் அண்ணனிடம் கேட்டான்.

"காலையிலயே ஒரு போன் பண்ணியிருந்தா, நான் வந்து ஒரு வார்த்தை பேசியிருப்பேன் இல்ல?"

"சாதாரண கேஸ் ட்ரபிள்னு நெனச்சேன்டா," என்றான் அண்ணன்.

இரண்டு பேரும் சொன்னது உண்மை. சண்டை தீராததற்கு அதுவே காரணம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. யாராவது ஒருவர் பொய் சொல்லியிருந்தால் என்றைக்காவது பிடிபட்டு, மன்னிப்புக் கேட்டு, ஒரு வழியாகத் தீர்ந்திருக்கும். கல்லறையில் பேசிய அந்த இரண்டு வாக்கியங்களுக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

அதே வருஷம் தம்பி ஓசூர் வேலையை விட்டுவிட்டு, பல்லாவரம் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்து வீட்டுக்கே வந்துவிட்டான். அம்மாவுக்காக வந்தேன் என்றான். முன்பகுதியில் அண்ணனும் அண்ணியும், மாடி அறையில் தம்பி, பின்னறையில் அம்மாவும் நானும். ஒரே அடுப்பில் சமையல். அண்ணன் சாப்பிட்டு எழுந்து கை கழுவும் சத்தம் கேட்டபிறகு தம்பி மாடிப்படி இறங்குவான். கரண்டு பில் கட்டியாயிற்றா என்பதிலிருந்து கோயில் வரிவரை எல்லாச் சேதியும் அம்மா வழியாகத்தான் போகும். ஒருநாள் இரண்டு பேரும் எதிரெதிரே நின்றுகொண்டு, "அவனைக் கொஞ்சம் நகரச் சொல்லு", "நகர முடியாதுன்னு சொல்லு" என்று அம்மாவிடம் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. முதல் வருஷம், அப்பாவின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துச் செவந்திப் பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றவேண்டும். சாமியார் வந்து மந்திரிக்கும்போது குடும்பம் முழுவதும் சுற்றி நிற்கவேண்டும். எங்கள் குடும்பம் இரண்டு தவணையாகப் போனது. அண்ணன் காலையில் போய் ஒரு மெழுகுவத்தி ஏற்றினான். தம்பி சாயங்காலம் போய் அதற்கு ஒரு முழம் தள்ளி வேறொன்று ஏற்றினான். அம்மா இரண்டு தடவையும் போனாள், மழைச் சேற்றில், ஒருமுறை அவனோடு, ஒருமுறை இவனோடு. திரும்பி வந்து ஈரப் புடவையோடு கொட்டகையில் போய் நின்றாள். அப்பா விட்ட இடத்திலேயே கார் நாலு ஸ்டாண்டுகளின்மேல் அந்தரத்தில் இருந்தது.

அன்றே இரண்டு பிள்ளைகளையும் கூடத்துக்கு வரவழைத்தாள்.

"அடுத்த வருஷம் அப்பாகிட்ட நான் அப்பா கார்லதான் போவேன். ரெண்டு பேரும் கூட வரணும். இல்லன்னா நான் வரல," என்றாள்.

அம்மா அதற்குமுன் எங்களிடம் எதையும் கேட்டதில்லை. அவள் கணக்கு எனக்குப் புரிந்தது. ஒரு காரை இரண்டு பேர் சேர்ந்து செய்தால் ஸ்பானரை எடு, விளக்கைப் பிடி என்றாவது பேசத்தானே வேண்டும். நானும் அதை நம்பினேன். எங்கள் வீட்டு ஆண்களை நாங்கள் இரண்டு பேருமே சரியாக எடை போடவில்லை.

அவர்கள் காரைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். இடதுபக்கம் அண்ணனுக்கு, வலதுபக்கம் தம்பிக்கு. வாயால் பேசி முடிவு செய்தது அல்ல. அண்ணன் ஒருநாள் இடதுபக்கக் கதவுகளைக் கழற்றித் தன் பகுதி வராண்டாவில் சாய்த்துவைத்தான். மறுநாள் வலதுபக்கக் கதவுகள் மாடிப்படிக்கு அடியில் இருந்தன. எங்கள் தெருவில் வீட்டைப் பிரித்தவர்கள் உண்டு, கிணற்றைப் பிரித்தவர்கள்கூட உண்டு. ஓடவேண்டிய காரைப் பிரித்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.

அண்ணனும் ரயில்வேயில் ஃபிட்டர். இரண்டு பேருக்குமே இரும்பு வேலை தெரியும், அதைக் குறை சொல்ல முடியாது. அண்ணன் வேலை முடிந்து வந்து சாயங்காலம் செய்வான். தம்பிக்கு இரண்டாவது ஷிஃப்ட், அதனால் அவன் நேரம் காலை. இடதுபக்கத்தில் முன்பாகம்தான் அதிகம் இற்றுப்போயிருந்தது. வலதுபக்கத்தில் பின்பாகம். ஆகவே அண்ணன் முன்மூலையில் தொடங்கினான், தம்பி அதற்கு நேரெதிரான பின்மூலையில்.

தகராறு உயரத்தில் வந்தது. அண்ணன் அம்மா ஜாடை, குள்ளம். முட்டிவலி வேறு. முக்காலி போட்டு உட்கார்ந்துதான் வேலை செய்யமுடியும். அவனுக்குக் கார் தாழ்வாக இருக்கவேண்டும். தம்பி அப்பாவைப் போல நெட்டை. குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அவனுக்குக் கார் உயரமாக வேண்டும். முதலில் சில நாட்கள் சாயங்காலம் அண்ணன் நாலு ஸ்டாண்டையும் இறக்குவான், காலையில் தம்பி நாலையும் ஏற்றுவான். திருகு ஏறும்போது ஒரு கிறீச்சு, இறங்கும்போது வேறொரு கிறீச்சு. சமையலறையிலிருந்தே யார் கொட்டகையில் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

பிறகு அதுவும் நின்றது. அடுத்தவன் ஸ்டாண்டை எதற்குத் தொடவேண்டும் என்ற ரோஷம். அண்ணன் தன் முன்மூலை ஸ்டாண்டை மட்டும் இறக்கி அப்படியே விட்டுவிட்டான். தம்பி தன் பின்மூலை ஸ்டாண்டை மட்டும் அதைப்போல இரண்டு பங்கு ஏற்றி விட்டுவிட்டான். மற்ற இரண்டும் அப்பா வைத்த உயரத்திலேயே இருந்தன. கதவுகளுக்குக் கீழே முன்னிருந்து பின்வரை ஓடுகிற பட்டையையும் தரையையும் இரண்டு பேரும் வெட்டி எடுத்திருந்தார்கள். காருக்குப் பிடிமானம் என்று எதுவும் மிச்சமில்லை. ஸ்டாண்டு எப்படி நின்றதோ அப்படியே காரின் கூடும் நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் துணி உலர்த்தப் போனபோது பார்த்தேன். முன்னால் நின்று பார்த்தால் முன்பக்கம் இடதுபுறம் சரிந்திருந்தது. பின்னால் போய்ப் பார்த்தால் வலதுபுறம் அதைவிட அதிகமாகத் தூக்கியிருந்தது. பிழியப்போகிற துணியின் முதல் திருகல் போல இருந்தது எனக்கு. நான் இரும்பு வேலை படித்தவள் இல்லை. ஆனாலும் கோணலைக் கோணல் என்று சொல்லப் படிப்பு வேண்டாம். உடனே அண்ணனிடம் போய்ச் சொன்னேன்.

"என் பக்கம் கரெக்டா இருக்கு. அவனைச் சரி பண்ணச் சொல்லு," என்றான்.

மாடியேறித் தம்பியிடம் சொன்னேன். அவனும் கிட்டத்தட்ட அதே வார்த்தைகளைத்தான் சொன்னான். கோபத்தில் அப்பாவின் ரசமட்டத்தை எடுத்துவந்து காருக்குள் குறுக்கே வைத்தேன். குமிழி ஓரத்துக்கு ஓடி ஒட்டிக்கொண்டது. அதை யாராவது பார்ப்பார்கள் என்று அங்கேயே விட்டுவைத்தேன். மறுநாள் அது ஜன்னல்மேல் பழைய இடத்தில் இருந்தது. எடுத்துவைத்தது அண்ணனா தம்பியா, எனக்குத் தெரியாது. பார்த்துவிட்டுத்தான் எடுத்துவைத்திருக்க வேண்டும், அதில் சந்தேகமில்லை.

அம்மாவுக்கு அந்தச் சரிவெல்லாம் கண்ணில் படவில்லை. கொட்டகையில் வேலை நடப்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது. காலையில் ஒருவனுக்குக் காபி, சாயங்காலம் இன்னொருவனுக்கு டீ என்று கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "வேல நல்லா போவுது" என்பாள். செவந்தி மாலை கட்டுகிறவளிடம் இரண்டு மாதம் முன்னதாகவே சொல்லிவைத்தாள். எந்தப் புடவை என்றுகூட எடுத்துவைத்துவிட்டாள். நான் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன். சொல்லவேண்டியவர்களிடம் சொல்லியாகிவிட்டது.

வெல்டிங் செட்டை வாடகைக்கு எடுத்துவந்தார்கள். அது ஒன்றுதான் அவர்களுக்குப் பொது. அண்ணன் இடதுபக்கம் புதுத் தகடு வைத்து ஒட்டினான். தம்பி வலதுபக்கம் ஒட்டினான். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்ல வேலை. எந்த நிலையில் கூடு நின்றதோ அந்த நிலையிலேயே அது இறுகிவிட்டது.

அக்டோபர் கடைசியில் டிங்கரிங் பட்டறைக்காரர் ஆட்களோடு வந்தார். எஞ்சினும் சக்கரங்களும் ஏற்கெனவே மாட்டியாயிற்று. ஸ்டாண்டுகளை உருவிவிட்டுக் காரைத் தரையில் இறக்கினார்கள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அம்மா குடை பிடித்துக்கொண்டு முன்னால் நின்றாள். வராண்டாவிலிருந்து அண்ணன் தன் கதவுகளைக் கொண்டுவந்தான். மாடிப்படிக்கு அடியிலிருந்து தம்பி தன் கதவுகளைக் கொண்டுவந்தான். மாட்டினார்கள். இடதுபக்க முன்கதவு, அது வந்து சேரவேண்டிய தூணைத் தொடவே இல்லை, மூன்று விரல் போகும் அளவுக்கு இடைவெளி. வலதுபக்கப் பின்கதவு கீழே இடித்துக்கொண்டு நின்றது. அண்ணன் ஓங்கிச் சாத்தினான். தம்பி தோளைக் கொடுத்துத் தள்ளினான். பட்டறைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு அம்மாவிடம் வந்தார்.

"பாடி முறுக்கிக்கினு கீதும்மா. அல்லாத்தையும் வெட்டி எடுத்துட்டு முதல்லேந்து போடணும். வேற வழி இல்ல," என்றார்.

அண்ணன் அம்மாவைப் பார்த்து, அவன் பக்கம் தூக்கிவைத்ததால் வந்தது என்றான். தம்பி அம்மாவைப் பார்த்து, அவன் பக்கம் இறக்கிவைத்ததால் வந்தது என்றான். இரண்டு பேருக்கும் நடுவில் அம்மா குடையோடு நின்றாள். பிறகு குடையை என் கையில் கொடுத்துவிட்டுப் போய் இடதுபக்கக் கதவைப் பிடித்து மெல்லச் சாத்திப் பார்த்தாள். மறுபடி திறந்து சாத்தினாள். குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல அவ்வளவு பொறுமையாகச் செய்தாள்.

"சாத்தலைன்னா பரவால்ல. நான் உள்ள உக்காந்து புடிச்சிக்கிறேன். போயிட்டு வந்துரலாம்," என்றாள்.

இரண்டு பேரும் உள்ளே போய்விட்டார்கள். எனக்கு அந்த நிமிஷம் அவர்கள் இருவரையும் சேர்த்து அறையவேண்டும்போல இருந்தது.

கல்லறைத் திருநாள் அன்று காலை அண்ணன் ஆட்டோ கூட்டிவந்தான். அம்மா வரவில்லை என்றாள். சாயங்காலம் தம்பி ஒரு டாக்சியே கொண்டுவந்தான். அதற்கும் வரவில்லை. கட்டிவந்த மாலையை என்னிடம் கொடுத்து அனுப்பினாள். நான் தனியாகப் போய், அங்கே ஏற்கெனவே எரிந்து முடிந்திருந்த ஒரு மெழுகுவத்திக்குப் பக்கத்தில் அம்மாவுடையதை ஏற்றிவிட்டு வந்தேன். சாமியார் மந்திரித்துக்கொண்டே வந்தவர், அம்மா எங்கே என்று கேட்டார். உடம்பு சரியில்லை என்றேன்.

அது பொய்யாக இருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அம்மா அதற்குப் பிறகு கொட்டகைப் பக்கம் போகவில்லை. சேதி கொண்டுபோகும் வேலையையும் விட்டுவிட்டாள். "நீயே போய்ச் சொல்லு" என்று இரண்டு பிள்ளைகளிடமும் ஒரே பதில். அவர்கள் சொல்லிக்கொள்ளவில்லை, பில் கட்டாமல்போய் ஒருமுறை ஈ.பி.காரர்கள் வந்து கரண்டைப் பிடுங்கிவிட்டார்கள். அம்மாவுக்குச் சாப்பாடு குறைந்தது, சர்க்கரை ஏறியது, காலில் ஒரு புண் வந்து ஆறவே இல்லை. அடுத்த மழைக்காலத்தில், கல்லறைத் திருநாள் வருவதற்கு முன்பே, தூக்கத்திலேயே போய்விட்டாள்.

அன்று தெருவில் முழங்காலளவு தண்ணீர். சாவு வண்டி உள்ளே வரமுடியாது, மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டது. அதுவரை பெட்டியைத் தோளில்தான் சுமந்துபோகவேண்டும். கோயிலில் இருந்து இரண்டு வாலிபர்கள் வந்திருந்தார்கள். அவர்களோடு அண்ணனும் தம்பியும். யாரும் சொல்லாமலே அண்ணன் இடதுபக்க முன்மூலைக்குப் போனான், தம்பி வலதுபக்கப் பின்மூலைக்குப் போனான். காரில் நின்ற அதே இடங்கள். அதைக் கவனித்தது நான் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

தூக்கினார்கள். தண்ணீரில் இறங்கி நடந்தார்கள். நான் பின்னால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். பெட்டி முன்னால் இடதுபுறம் சரிந்து, பின்னால் வலதுபுறம் தூக்கி, அண்ணன் தோளில் அழுந்திக்கொண்டிருந்தது. சில அடிகள் போனதும் உள்ளே லேசாக ஒரு சத்தம் கேட்டது. அம்மா நகர்ந்துவிட்டாள்.

அண்ணன் நின்றான். திரும்பிப் பார்க்க முடியாது, பெட்டி தோளில் இருந்தது. முன்னால் பார்த்தபடியே சொன்னான்.

"டேய், உன் பக்கம் கொஞ்சம் எறக்குடா. அம்மா சாயுறாங்க."

"சரிண்ணா," என்றான் தம்பி.

முட்டியை மடக்கினான். அண்ணன் தன் பக்கம் கையால் ஏந்தித் தோளுக்கு மேலே கொஞ்சம் உயர்த்திப் பிடித்தான். "இப்போ?" என்று தம்பி கேட்டான். "இன்னும் கொஞ்சம்," என்றான் அண்ணன். "போதுமா?" "போதும், அப்படியே வா." பெட்டி மட்டமாயிற்று. நெட்டையான என் தம்பி அந்தத் தண்ணீரில் மெயின் ரோடுவரை முட்டி மடக்கியே நடந்தான். வண்டியிடம் போய்ச் சேரும்வரை இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டே போனார்கள், பள்ளம் இருக்கு பார்த்து, இந்தப் பக்கம் வா, மெதுவா, மெதுவா என்று.

அதுவரை எனக்கு அழுகை வரவில்லை. அப்போது வந்தது. துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். அந்த நாலைந்து வார்த்தைகளைக் கேட்கத்தான் அம்மா ஒரு வருஷம் முழுவதும் காபியும் டீயும் சுமந்தாள்.